ஸ்பேனர்காரி செத்த வாரம்

நூலகத்தின் மாடி அறையில் மாதத்துக்கு ஒருமுறை வாசகர்கள் கூடிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். வாசலில் 'கலந்துரையாடல்' என்று ஒட்டியிருக்கும். நடப்பதென்னவோ சண்டைதான். கூட்டி வைப்பவள் குண்டூசியின் மகள். அந்த நூலகத்தின் நூலகர் அவள். அம்மா வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள் என்று ஒவ்வொரு முறையும் கையோடு கூட்டிவந்து, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவாள்.

குண்டூசி என்பது சட்டைப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அப்போது ஆளும் ஒல்லி. எந்நேரமும் உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசியும் இருக்கும். இப்போது முட்டிவலியும் தொப்பையும் வந்து சேர்ந்துவிட்டன. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்றைய சண்டை அறிவியல் கதைகளைப் பற்றி. ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர், தான் படித்த விண்வெளிக் கதையில் வேகக் கணக்கே தப்பு என்று காகிதத்தில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியருக்கு அந்த வகைக் கதைகளே ஆகாது.

"பூமியில இருக்கறவனுக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கு சார். அவனை அம்போன்னு விட்டுட்டு ஆகாசத்துக்குப் போயி எதுக்குக் கதை எழுதணும்?"

"இங்க நடக்கறதைத்தான் சார் அங்க வச்சுச் சொல்றாங்க," என்றாள் ஒரு கல்லூரிப் பெண். "நேராச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களே."

சிரிப்பு எழுந்தது. தலைமை ஆசிரியர் விடுகிற ஆளா? அங்கிருந்து தாவி, இப்போதைய பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிக்கவே தெரியவில்லை, எழுத்தை உருப்போடாமல் படத்தைக் காட்டிக் கதை சொன்னால் எப்படி வாசிப்பு வரும் என்று ஆரம்பித்தார். கதை பிடித்தால் எழுத்து தானாக வரும் என்றார் ஓர் இளம் அப்பா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை.

மகள் கையைத் தூக்கினாள். "எங்க அம்மா கல்யாணத்துக்கு அப்புறம்தான் படிக்கக் கத்துக்கிட்டாங்க. அவங்களையே கேப்போமே. எப்படிம்மா படிச்சே? எழுத்து முதல்லயா, கதை முதல்லயா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குண்டூசிக்கு முகம் சூடாகிவிட்டது.

"சந்தேகத்துல படிச்சேன்," என்றாள்.

"யார் மேல சந்தேகம்? அப்பா மேலயா?"

"அவரு மேல எதுக்கு? ரேடியோ அக்கா மேல. ஒரு ஆகாசக் கதை. அதுல எனக்குப் பிடிச்ச ஒருத்தி செத்துட்டான்னு படிச்சாங்க. நான் நம்பல."

தலைமை ஆசிரியரே குனிந்து ஆர்வமாகக் கேட்டார். "அப்புறம்? கதை எப்படித்தாம்மா முடிஞ்சது?"

குண்டூசி வாயைத் திறந்தாள்.

"தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டாள். ஒரு கதையின் முடிவு தெரியாமல் கிழவியாகிவிட்டோமே என்று அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அந்தக் காலத்தில் அவள் வேலை பார்த்த பட்டறை நீளமான ஒரு கூடம். முன்பாதி முழுக்கத் தையல் எந்திரங்கள். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் கைவேலை மேசை. பட்டன் தைப்பது, பிசிறு வெட்டுவது, காலர் மடிப்பதெல்லாம் அங்கே. எந்திரம் கிடையாது என்பதால் அந்த மேசைக்கு மட்டும் காது இருந்தது. காது இருந்ததால் கதையும் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும், வாசிக்கிற குரலுக்காகவே ரேடியோ என்று பெயர் வாங்கிய அக்கா வார இதழைப் பிரிப்பாள். அவள் வாசிக்கிற நேரத்தில் அவள் தைக்க வேண்டிய பட்டன்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு தைத்துவிடுவார்கள். மேஸ்திரிக்குச் சாயங்காலம் சட்டைகள் சரியாக வந்தால் போதும். கண்டும் காணாத மாதிரி போய்விடுவார். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் மேசையில் மூத்தவளான காஜா அக்கா. பட்டன் துளைக்கு அவள் அடிக்கிற காஜாவை நூல் பிரித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. வாயும் அவ்வளவு கெட்டி. காரணம் இல்லாமல் அவள் எதையும் செய்யமாட்டாள். முன்பு எந்திரத்தில் வேலை பார்த்தபோது ரேடியோ அக்காவின் வலது ஆள்காட்டி விரலுக்குள் ஊசி இறங்கி, விரல் மடங்காமலே போய்விட்டது. கைவேலையில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க அவளால் ஆகாது. வாசிப்பு என்று ஒன்று இருந்ததால்தான் அவளுக்கு அங்கே வேலையும் இருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மேசைக்கு ஒரு சட்டமும் உண்டு. வராதவளுக்குக் கதை கிடையாது. ஒருநாள் லீவு போட்டால் அன்றைய கதை போனது போனதுதான், யாரும் சொல்லக்கூடாது. 'வந்து கேளு' என்று மட்டும் சொல்லலாம். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து கதை கேட்டவர்கள் உண்டு.

ரேடியோ அக்காவுக்குக் குடும்பக் கதைகள்தான் உயிர். மாமியார் வேஷத்துக்கு ஒரு குரல், அழுகிற மருமகளுக்கு ஒரு குரல் என்று பிய்த்து உதறுவாள். அதே இதழின் பின்பக்கங்களில் ஓர் அறிவியல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. தொலைதூர நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிற விண்கலம். போய்ச் சேர்வதற்குள் கிளம்பியவர்கள் எல்லோரும் கிழடாகிவிடுவார்கள்; அவ்வளவு தூரம். படங்களைப் பார்த்துவிட்டு அதையும் வாசிக்கச் சொல்லி நச்சரித்தவள் குண்டூசி.

"இதெல்லாம் ஒரு கதையாடி? ஒரு வாசல் இல்ல, அடுப்பு இல்ல, சண்டை போட ஒரு நாத்தனார் இல்ல. அந்தரத்துல தொங்குதுங்க."

"ஒரு வாரம் படிச்சுப் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

படித்தாள். அந்தக் கலத்தில் மெக்கானிக் வேலை பார்ப்பவள் ஒரு பெண். கையில் எப்போதும் ஸ்பேனர், உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கேப்டனையே போடா வாடா என்பாள். கதையில் அவளுக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. மேசை அவளுக்கு ஸ்பேனர்காரி என்று பெயர் வைத்தது. காற்று எந்திரத்தைக் கழற்றும்போது அவள் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள் என்று ஓர் இடம் வந்தது. எல்லோரும் ஊசியை நிறுத்திவிட்டு, வாயில் குண்டூசியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவள் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, மிதந்து போனாள். தன்னைப் போல ஒருத்தி நட்சத்திரங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறாள் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பெருக்கும்போதும் துவைக்கும்போதும் அந்தக் காற்று எந்திரத்தின் நினைப்புதான்.

அப்புறம் அந்த வாரம் வந்தது. ரேடியோ அக்கா வழக்கம்போல இதழைப் பிரித்தாள். அன்றைக்குக் குரல் கொஞ்சம் தடுமாறியது. காற்று எந்திரத்தில் கோளாறு. சரிபார்க்க ஸ்பேனர்காரி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கலத்துக்கு வெளியே போகிறாள். கோளாறைச் சரியாக்கிவிடுகிறாள். திரும்பும்போது கயிறு அறுந்துவிடுகிறது. கண்ணாடிக்குள் இருப்பவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருட்டுக்குள் போய்விடுகிறாள். கலத்திலிருப்பவர்கள் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு நிற்கிறார்கள்.

அப்படி ஒரு வாசிப்பை மேசை அதுவரை கேட்டதில்லை. காஜா அக்கா, தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். குண்டூசிதான் எழுந்து நின்று கத்தினாள்.

"கயிறுதானே அறுந்துச்சு? செத்துட்டான்னு யாரு சொன்னா? திரும்பி வருவா!"

"அங்க ஏதுடி காத்து? போனவ போனவதான்," என்றாள் ரேடியோ அக்கா, நிமிர்ந்து பார்க்காமல்.

குண்டூசியின் கண் இதழின் மேல் இருந்தது. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே, வாரா வாரம் படத்தைத்தான் உற்றுப் பார்ப்பாள். அந்தப் பக்கத்தில், கேப்டன் தலையில் கவசத்தோடு சன்னலோரம் நிற்கும் படம். அது போன வாரப் படம். அவன் தோளுக்கு மேலே, போன வாரம் இவள் விரல் பட்ட எண்ணெய்க்கறைகூட அப்படியே இருந்தது.

அங்கே பிடித்தது சந்தேகம்.

பழைய இதழ்கள் காஜா அக்காவின் பெட்டிக்குள் கிடக்கும். அலமாரியில் விரிக்க வேண்டும் என்று சொல்லி அவற்றை வீட்டுக்கு வாங்கிப் போனாள். சிறு வயதில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில் சில எழுத்துகள் தெரியும். கதையோ முதல் வாரத்திலிருந்து மனப்பாடம். காதில் இருப்பதைக் காகிதத்தில் தேடினாள். 'விண்கலம்' என்று அக்கா எடுத்தவுடனே வாசித்தது இதோ இங்கே இருக்கிறது; அப்படியானால் தலையில் இந்தக் கொக்கி போட்டது 'வி'. அதே எழுத்து அடுத்த வரியில் 'விளக்கு' என்று சொன்ன இடத்திலும் இருக்கிறது. திருடனைத் துரத்துகிற மாதிரி எழுத்துகளைத் துரத்தினாள். பிடிபடாதவற்றை வீட்டுக்காரரிடம் கொண்டுபோவாள். அவர் பஸ் கண்டக்டர். முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போதுதான் இவள் போய் நீட்டுவாள்.

"பஸ் போர்டு படிக்கத் தெரிஞ்சா போதாதா உனக்கு? ஆகாசத்துக்கு எந்த பஸ்ஸுடி போகுது?"

"இது என்ன எழுத்து? அதை மட்டும் சொல்லுங்க."

எழுத்து கூட்டி வந்த பிறகு, பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகக் கிளறி, காஜா அக்காவின் பெட்டியில் இல்லாத அந்த வாரத்து இதழைக் கண்டுபிடித்தாள். கடை வாசலிலேயே நின்று, விரலை வைத்து, உதடு அசைய வாசித்தாள். கயிறும் இல்லை, இருட்டும் இல்லை. ஸ்பேனர்காரி கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். கேப்டன் விசைப்பலகையில் தேநீரைக் கொட்டிவிட்டதற்காக அவனைத் திட்டித் தீர்க்கிறாள். அந்தத் திட்டு ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. குண்டூசி கடை வாசலில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் இதழைப் புடவைக்குள் செருகிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ரேடியோ அக்காவின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதாகத்தான் கிளம்பினாள். மேசையில் வாசிப்பு தொடங்கியது. இப்போது குண்டூசிக்கு எட்டிப் பார்த்தாலே வரிகள் தெரிந்தன. காகிதத்தில் ஸ்பேனர்காரி வருகிற இடங்களிலெல்லாம் அக்கா அவளை எடுத்துவிட்டுச் சமையல்காரனையும் டாக்டரையும் அங்கே நிறுத்திச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் வரியில், ஒரு கண் அடுத்த வரியில். மேலுதட்டில் வேர்வை. மடங்காத அந்த விரல் பக்கத்தின் ஓரத்தில் விறைத்து நின்றது. கதையைக் கெடுத்தவள் என்று தெரிந்தால் மேசை அவளை வாசிக்க விடுமா? வாசிக்காவிட்டால் அந்த விரலை வைத்துக்கொண்டு எத்தனை பட்டன் தைப்பாள்?

குண்டூசி புடவைக்குள் இருந்த இதழை எடுக்கவே இல்லை. ஒருமுறை அக்கா நிமிர்ந்தாள். இவளுடைய கண் படத்தில் இல்லை, வரிகளில் ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு அக்கா அவள் பக்கமே திரும்பவில்லை.

படிப்பு வந்தால் நல்லது நடக்கும் என்பார்கள். குண்டூசிக்கு நடந்த நல்லதைப் பாருங்கள். சட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை அவள் வாய்விட்டு வாசித்ததை மேஸ்திரி கேட்டுவிட்டார். "உனக்குப் படிக்கத் தெரியுமா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்று சந்தோஷப்பட்டு, கூடுதல் சம்பளத்தோடு அவளைப் பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். அது பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம். சீட்டைச் சரிபார்த்து, மரப்பெட்டிக்கு மூடி போட்டு ஆணி அடிக்க வேண்டும். அங்கே சாப்பாட்டு நேரமும் வேறு. படிக்கத் தெரியாதவரைக்கும் கதை கேட்டாள்; படிக்க வந்ததும் கதை போயிற்று.

இதழையாவது வாங்கிப் படிக்கலாம் என்றால், அந்தத் தொடர் பாதியில் நிற்க, இதழே நின்றுபோனது. இனி அந்தக் கதைக்கு எங்காவது முடிவு இருந்தால் அது, பழைய இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு மேலே தானாகவே சொல்லிக்கொண்டுபோன ரேடியோ அக்காவின் வாயில்தான். எந்திரங்கள் ஓயும் நேரத்தில், தடுப்புக்கு அந்தப்புறம் வாசிப்பு நடப்பது முனகலாகக் கேட்கும். சொல் புரியாது. ஒருநாள் திடீரென்று அவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். சாயங்காலம் வாசலில் காஜா அக்காவை மறித்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"வந்து கேளுடி," என்றாள் காஜா அக்கா, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

குண்டூசிக்குச் சுருக்கென்றது. ஏதோ இரண்டு எழுத்து படித்துவிட்டாள் என்று நக்கல் பண்ணுகிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்கும் ரோஷம் இருந்தது. போகவில்லை. கொஞ்ச நாளில் பட்டறையையே மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அதற்கப்புறம் குண்டூசி எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டாள். மகள் நூலகராகப் போனதே அம்மா வீட்டில் குவித்து வைத்த புத்தகங்களால்தான். ஆனால் தனியாக, சத்தமில்லாமல் படிக்கும் எந்தப் புத்தகத்திலும் அந்த மதிய நேரம் இல்லை. நூல் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் மேலே எழும்பிப் போகுமே, அது இல்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் கேட்டாள். "ரேடியோ அக்கா மகன் வீட்டுல இருக்காங்கன்னு சொன்னியே. நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

வீடு ஒரு சந்தின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே வாசல். மகள் வண்டியிலேயே காத்திருந்தாள். ரேடியோ அக்கா சன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுருங்கிப் பாதியாகிவிட்டாள். குரல் கம்மிப்போயிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்டது.

"யாரு... குண்டூசியா? என்னடி, பூசணிக்காயாட்டம் ஆயிட்டே!"

நலம் விசாரித்தார்கள். காஜா அக்கா காலமான செய்தியைச் சொன்னாள் ரேடியோ அக்கா. பிறகு குண்டூசி கேட்டே விட்டாள்.

"அவளை எதுக்குக்கா சாகடிச்சீங்க?"

ரேடியோ அக்கா, யாரை என்று கேட்கவில்லை.

"புது இதழை பஸ்ல விட்டுட்டேன்டி. இல்லைன்னு சொன்னா அன்னைக்கு நானும் பட்டன் தைக்கணும். பழசைப் பிரிச்சு வச்சுக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ ஒருத்திதான் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தே. உன் கண்ணுல தண்ணி வந்துட்டா படம் தெரியாதுல்ல? அதான் உனக்குப் பிடிச்சவளாப் பாத்துப் போட்டுத் தள்ளினேன்."

குண்டூசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி வந்துச்சு. படமும் தெரிஞ்சுது."

"தெரியும். நீ படிக்கக் கத்துக்கிட்டதும் தெரியும். ஏன்டி என்னைக் காட்டிக் கொடுக்கல?"

குண்டூசி அந்த விரலைப் பார்த்தாள். "முடிவைச் சொல்லுங்கக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

"வராதவளுக்குக் கதை கிடையாது."

"அதான் வந்துட்டேனே."

"அப்போ என் பங்கு பட்டனை யாரு தைக்கிறது?" என்று சொல்லி, தலையணைக்குப் பக்கத்திலிருந்து பேரனின் சட்டையையும் ஊசிநூலையும் எடுத்து நீட்டினாள் ரேடியோ அக்கா. சட்டையில் மேல் பட்டன்கள் போயிருந்தன. குண்டூசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் கோத்தாள்.

"நீ பேக்கிங் போயிட்டியா. எனக்கு மனசே சரியில்ல. ஒரு நாள் வாசிச்சுக்கிட்டு இருக்கேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ பெட்டிக்கு ஆணி அடிக்கிறே. டொக், டொக், டொக்னு. நான் டக்குன்னு நிறுத்திட்டேன். 'கேளுங்க, கலத்துக்கு வெளியில இருந்து யாரோ தட்டுறாங்க'ன்னேன்."

குண்டூசியின் கை நின்றது.

"அத்தனை பேரும் திரும்பித் தடுப்பைப் பாக்கறாளுங்க. நீ மறுபடி அடிக்கிறே. 'ஸ்பேனர் சத்தம்'னு நான் சொல்ல, கத்தின கத்துல மேஸ்திரியே ஓடி வந்துட்டாரு. போனவ போனவதான்னு சொன்ன வாய்தான் இது. ஆகாசக் கதைதானே, அதுல வந்தா என்ன கொறைஞ்சுபோச்சுன்னு அப்பத்தான் எனக்கே தோணுச்சு."

"அப்புறம்? கதவைத் திறந்தாங்களா?"

"எங்க திறக்க விட்டாளுங்க? நான் திறக்கப் போறேன், காஜா அக்கா என் கையிலிருந்து பழைய இதழைப் பிடுங்கிட்டா. குண்டூசி இல்லாம அவளை உள்ள கூட்டிட்டு வரக் கூடாது, அவ வந்து உக்காரட்டும், அப்புறம் திறன்னு சொல்லிட்டா. உன்கிட்ட சொன்னாளாமே, வந்து கேளுன்னு. நாங்க தினமும் உனக்கு இடம் விட்டுத்தான் உக்காந்திருந்தோம். பட்டறை மூடற வரைக்கும் அவ வெளியிலதான் தட்டிக்கிட்டு நின்னா."

குண்டூசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். தைத்த பட்டனை இழுத்துப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்ததை எடுத்தாள்.

"ம், திறங்கக்கா," என்றாள்.

ரேடியோ அக்கா முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.